ஸிந்துவின் வலப்பக்கம்

11 பிப்ரவரி 2008, திங்கள்

பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுக் கணக்குத் தாள்கள் இன்னும் இருபது பாக்கி.

காலையில் ஸிந்துவுக்குத் தலையில் எண்ணெய் தடவும்போது கை ஓரிடத்தில் நின்றது. பின்தலை, வலப்பக்கம், தட்டை. உள்ளங்கையை வைத்தால் சுவரில் வைத்தது போலப் படிகிறது. மேலிருந்து பார்த்தேன். வலது காது இடது காதைவிட முன்னால் தள்ளி இருக்கிறது. நாலு மாதமாக இந்தத் தலையைத்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேனா?

வாசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும் ஸௌமி. முடி வளந்தா தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான்.

அம்மா மூன்று மாதம் இருந்துவிட்டுக் கும்பகோணம் திரும்பினாள். ஜனவரி ஏழாம் தேதி நான் பள்ளியில் மறுபடி சேர்ந்தேன். அன்றிலிருந்து காலை எட்டு முதல் மாலை நாலரை வரை குழந்தை, வேலைக்காரி பட்டம்மாளிடம். ஐந்து வாரம். ஒரு தலை தட்டையாக ஐந்து வாரம் போதுமா? போதும் என்றுதான் தோன்றுகிறது.

13 பிப்ரவரி, புதன்

பட்டம்மாளைக் கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

“நான் மாத்தி மாத்திதான் படுக்க வெக்கிறேன்மா. கொயந்ததான் சோத்துக்கைப் பக்கமே திரும்பிக்குது. இந்தாண்ட திருப்புனா அழுவுது.”

பதில் ரொம்பத் தயாராக இருந்தது. கேட்பேன் என்று எதிர்பார்த்தவள் போல.

இவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பக்கத்து ஊர் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பிள்ளைகள். பக்கத்து வீட்டு தேவகி சொன்னதால் வைத்தேன். தேவகியின் நாத்தனார் வீட்டில் சாயங்காலம் பாத்திரம் தேய்க்கிறாள். அவ்வளவுதான். இதை நம்பி ஒரு குழந்தையைக் கொடுத்திருக்கிறேன்.

16 பிப்ரவரி, சனி

டாக்டர் வரதராஜன். மூன்று நிமிடம் பார்த்தார். “மல்லாக்கப் படுத்தே இருந்தா இப்படி ஆகும்மா. முழிச்சிருக்கறப்ப குப்புறப் போடுங்கோ, பக்கம் மாத்துங்கோ. தானா சரியாயிடும்.”

மல்லாக்கப் படுத்தே இருந்தால். அவரே சொல்லிவிட்டார். நாள் முழுக்க யார் படுக்க வைக்கிறார்கள்?

தானா சரியாயிடும் என்பதை நம்பவில்லை. வரிசையில் இன்னும் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் அதையே சொல்லி அனுப்பியிருப்பார்.

20 பிப்ரவரி, புதன்

தலைவலி என்று சொல்லிப் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் விட்டேன். என் வீட்டுக்குள் நானே திருடியைப் போல.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஸிந்து பாயில் தனியாக, மல்லாக்க, முகம் வலப்பக்கம். பட்டம்மாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “இப்பதாம்மா கீய வுட்டேன்.”

இப்பதான். எந்த நேரத்தில் வந்தாலும் இப்பதான் என்றுதான் சொல்லியிருப்பாள்.

23 பிப்ரவரி, சனி

சளி மருந்துப் பாட்டிலில் மருந்து நிற்கும் இடத்தில் பேனாவால் சின்னதாகக் கோடு போட்டிருக்கிறேன். குழந்தை பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்குகிறது என்கிறாள். என்னிடம் அரை மணிக்கு மேல் தூங்கியதில்லை.

இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கோடு இருக்கட்டும்.

26 பிப்ரவரி, செவ்வாய்

மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு விரற்கடை. நான் கொடுக்கவில்லை. வாசுவைக் கேட்டேன், தெரியாது என்றான்.

சாயங்காலம் பட்டம்மாளை நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன். தூங்க வைக்க மருந்து கொடுத்தாயா என்று. அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நான் அத்தத் தொட்டதே இல்லமா” என்றாள். கோட்டைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மாட்டிக்கொண்ட முகம் அது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“கோடு போட்டு வெச்சிருக்கியாமா?” என்று மட்டும் கேட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகும்போது குழந்தையின் காலைத் தொடப் போனாள். தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

28 பிப்ரவரி, வியாழன்

விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சம்பளம் இல்லாத விடுப்பு, ஜூனில் பள்ளி திறக்கும் வரை.

ஏன் நிறுத்தினேன் என்று தேவகி கேட்டாள். சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நாளைக்கு அவள் நாத்தனார் குழந்தையையும் இவளிடம் விட்டுவிட்டுப் போவாள். எச்சரிப்பது கடமை.

8 மார்ச், சனி

சென்னையில் குழந்தை நிபுணர். தலையைச் சுற்றித் தடவினார், காதுகளைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மண்டையோட்டு எலும்புகள் காலத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளவில்லை, ஆபரேஷன் வேண்டாம், மூளைக்கு ஒன்றும் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் காத்திருந்திருக்கிறேன். கேட்டதும் வாசுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தட்டை கொஞ்சம் அதிகம். தலை வடிவத்துக்குன்னு ஒரு ஹெல்மெட் இருக்கு, போட்டுப் பார்க்கலாம். கட்டாயம் இல்லை, உங்க விருப்பம். ஆனா போடறதுன்னா இந்த வயசுலயே போடணும்.” கழுத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார். வேலைக்காரி மல்லாக்கவே போட்டிருந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். “அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்” என்றார். சீட்டில் நாலு வரி கிறுக்கினார்.

அதுவும் ஒரு காரணம்.

ஹெல்மெட் செய்கிற இடத்தையும் இவரே எழுதிக் கொடுத்தார். ஏன் அந்த ஓர் இடம் மட்டும்? வாசுவிடம் சொன்னால், “சென்னையில வேற எங்க பண்றான்னு நீயே கண்டுபிடி” என்கிறான்.

15 மார்ச், சனி

ஹெல்மெட் கடை என்று நினைத்துப் போனேன். செயற்கைக் கால் செய்கிற பட்டறை. சுவர் முழுக்கக் கால்கள் தொங்குகின்றன. செய்கிறவர் பெயர் தேவசகாயம். ஐம்பது வயது, கையெல்லாம் காய்ந்த மாவு.

“இதுவரைக்கும் எத்தனை ஹெல்மெட் செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒம்பதுமா. இது பத்தாவது. கால்தான் என் தொழில்.”

ஒன்பது. அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எழுந்து வந்துவிடலாம் என்றிருந்தது. வாசு என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

கவை போன்ற ஒரு கருவியால் தலையைப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு முறை அளந்தார். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் பதினாறு மில்லிமீட்டர். நல்ல தலைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்குமாம். பிறகு துணிக் குல்லாய் மாட்டி, ஈர மாவுக்கட்டை நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை சுற்றினார். ஸிந்து கத்திய கத்தலில் நான் வெளியே ஓடிவிட்டேன். வாசுதான் பிடித்துக்கொண்டான்.

“தலைய இது அமுக்காதும்மா. துருத்தின எடத்தப் புடிச்சிக்கும், தட்டை எடத்துல காலியா விட்டிருப்பேன். மண்ட வளர்றப்ப காலி எடத்துக்குப் போவும். அவ்ளோதான் வித்தை.”

29 மார்ச், சனி

ஹெல்மெட் வந்தது. வெளியே கெட்டி பிளாஸ்டிக், உள்ளே மெத்தை, பக்கவாட்டில் பட்டி. ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம். குளிக்க மட்டும் கழற்றலாம். இந்த ஊர் வெயிலில்.

கழற்றினால் முடி ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. நெற்றியில் சிவப்பு. அரை மணியில் மறையாத சிவப்பு என்றால் உடனே கொண்டு வரச் சொன்னார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் மறைந்தது. ஐந்து நிமிடம் முன்னால்தான். இது தற்செயலா?

5 ஏப்ரல், சனி

பஸ்ஸில் ஒரு பெண்மணி தள்ளி உட்கார்ந்தாள். கோயிலில் பட்டர், “மூளையில ஏதாவது...?” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தேவகி மட்டும், “பாவி, என்ன பண்ணி வெச்சுட்டா பாரு அந்தப் பட்டம்மா” என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

19 ஏப்ரல், சனி

பட்டறை. மூன்று வாரத்தில் பதினாறு பதினைந்தாகியிருக்கிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர். எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றியது.

தேவசகாயம் ஸிந்துவை மடியில் போட்டு அவள் முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பாதியில் நின்றது, அழுதாள். என் விரலைப் பிடித்து அவள் இடது கழுத்தில் வைத்தார். உள்ளே ஒரு நரம்பு போல, முறுக்கிய கயிறு போல விறைப்பாக ஒன்று.

“தசை இறுகிக்கினு இருக்குதும்மா. அதனாலதான் ஒரே பக்கமா திரும்புது. இத இளக்காம நான் எவ்ளோ செதுக்கினாலும் பிரயோஜனம் இல்ல. டாக்டரு பிசியோவுக்கு எழுதியிருக்காரே, போனீங்களா?”

சீட்டைக் காட்டினார். கிறுக்கலில் மூன்றாவது வரி. நான் அதைப் படிக்கவே இல்லை. கழுத்தைப் பற்றி அவர் சொன்னபோது நான் வேலைக்காரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இது பெரும்பாலும் வயித்துல இருக்கறப்பவோ பொறக்கறப்பவோ வர்றது” என்றார்.

இல்லை, ஜனவரிக்குப் பிறகுதான் என்றேன். அதற்கு முன்னால் தலை உருண்டையாக இருந்தது, என்னிடம் படங்கள் இருக்கின்றன என்றேன்.

“அப்ப கொண்டாங்கம்மா. பாத்துடலாம்.”

கொண்டுவருகிறேன். இவர் செய்த ஹெல்மெட் வேலை செய்யவில்லை. பழியைப் பிறப்பின் மேல் போடப் பார்க்கிறார்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஆல்பத்தை எடுத்தேன். ஜனவரிக்கு முன் எடுத்த படங்களில் முகம் தெரிகிறவை பதினேழு.

பதினேழிலும் வலப்பக்கம்.

பதினோராம் நாள் பெயர் வைத்தபோது, வலப்பக்கம். நவம்பரில் அம்மா மடியில், வலப்பக்கம். டிசம்பர் ஒன்பது, கோயில் வாசலில் என் தோளில் சாய்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து வாசு எடுத்தது. தலை தெரிகிறது. தட்டை தெரிகிறது. காது தள்ளியிருப்பதும் தெரிகிறது. படத்தைத் திருப்பி வைத்தேன், மறுபடி எடுத்தேன். படம் எடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் பட்டம்மாள் இந்த வீட்டுக்குள் காலடி வைத்தாள்.

கொயந்ததான் அந்தப் பக்கமே திரும்பிக்குது என்றாள். வேறு யாரும் சொல்லாததை, நான் கேட்ட முதல் நாளே அவள்தான் சொன்னாள்.

ஆனால் மருந்து? மருந்துப் பாட்டில் இருக்கிறதே.

22 ஏப்ரல், செவ்வாய்

வாசுவிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கி வைத்தான். பிறகு, “அந்த மருந்து நான் கொட்டிட்டேன்” என்றான்.

அவன் இருமலுக்கு மாத்திரை தேடும்போது பாட்டில் சாய்ந்து, மூடி சரியாக இல்லாமல் அலமாரியில் ஊற்றியிருக்கிறது. துடைத்துவிட்டான்.

“நான் கேட்டப்போ தெரியாதுன்னியே.”

“நீ கேட்ட மாதிரி கேட்டா யார் சொல்லுவா ஸௌமி? விசாரணைக் கமிஷன் மாதிரி நிக்கற. அடுத்த நாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவளை அனுப்பிட்டே. அப்புறம் சொல்ல தைரியம் வரலை.”

அவனைத் திட்டினேன். ஒரு வேளைச் சோறு வீணாகும் அளவுக்குத் திட்டினேன். திட்டி முடித்ததும் ஒன்றும் மிச்சமில்லை. கோடு போட்டது அவன் இல்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

இன்று பட்டம்மாள் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். வெயில்.

30 ஏப்ரல், புதன்

பிசியோ ஆரம்பம். ஒரு கையால் தோளை அழுத்திப் பிடித்து, மறு கையால் தலையை இடப்பக்கம் திருப்பி, முப்பது எண்ணும் வரை விடக்கூடாது. ஒரு நாளில் நாலு வேளை. கத்துகிறாள். முப்பது என்பது இவ்வளவு பெரிய எண் என்று கணக்கு வாத்தியாருக்கே இன்றுதான் தெரிந்தது.

4 மே, ஞாயிறு

போனேன். திருப்பருத்திக்குன்றத்தில் ஊர்க் கடைசியில் வீடு. கேட்டுக் கேட்டுப் போனேன். கேட்ட ஒவ்வொருவரும் நான் யார் என்று பார்த்தார்கள்.

பட்டம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. “இன்னாமா?” என்றாள்.

சொன்னேன். கழுத்துத் தசை, படங்கள், மருந்து கொட்டியது எல்லாம். தப்பு என்னுடையது என்றேன். முறம் நிற்கவே இல்லை.

“நாத்தனார் வூட்லயும் நிறுத்திட்டாங்க. அதுக்கடுத்த வூட்லயும். கொயந்தைக்கு அபினி குடுத்தவன்னு சொன்னாங்களாம். எம்பொண்ணு சிம்ரன இஸ்கூல்ல கேக்குதுங்க, உங்கம்மா போலீஸ்ல மாட்டிக்கிச்சான்னு.”

நான் சொன்னது சளி மருந்து. எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அது அபினி ஆகிவிட்டது. ஆனால் ஆரம்பித்தது என் வாய்.

திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட வந்து தப்புன்ற. நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியுமேமா. தெரியாதவங்க இருக்கறாங்களே, அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாகமாகத்தான் இருந்தது.

6 மே, செவ்வாய்

சொல்லத்தான் வேண்டுமா? தேவகியிடம் மட்டும், தனியாக, மெதுவாகச் சொன்னால் போதாதா?

போதாது. அன்று அப்படித்தான் மெதுவாகச் சொன்னேன்.

10 மே, சனி

தேவகி வீட்டில் சனிக்கிழமைப் பாராயணம். எட்டுப் பேர். முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது சொன்னேன். பட்டம்மாள் எந்த மருந்தும் கொடுக்கவில்லை, மருந்தைக் கொட்டியது என் ஆத்துக்காரர், குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்தில் கோளாறு, நான் பொய்யாகப் பழி போட்டுவிட்டேன். இரண்டு முறை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது பிள்ளைகள் முன்னால் தினம் நிற்கிறவள் நான்.

தேவகியின் நாத்தனார் கேட்டாள், “அவ ஏதாவது மிரட்டினாளா ஸௌம்யா? ஆள வெச்சு?”

இல்லை என்றேன்.

“எதுக்கும் நாம ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே” என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். நவம்பர் படத்தில் குழந்தை அம்மா மடியில் இருக்கிறது. மூன்று மாதம் படுக்க வைத்தது அம்மா. அம்மாவிடம் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை? அம்மா இருந்தபோது பாட்டிலில் கோடு போட்டிருப்பேனா? பட்டம்மாள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதுதான் எனக்குப் பாதிச் சாட்சியாக இருந்திருக்கிறது. இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

24 மே, சனி

பன்னிரண்டு மில்லிமீட்டர். உள்மெத்தையைச் செதுக்கி இடம் விட்டார் தேவசகாயம். படங்களைக் கொண்டு போயிருந்தேன். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு, மூடிக் கொடுத்துவிட்டார். “தெரிஞ்சா சரிமா” என்றார்.

12 ஜூன், வியாழன்

பள்ளி திறந்தது. நான் போகவில்லை. இன்னொருத்தியிடம் விட இன்னும் மனம் வரவில்லை. யார் மேல் சந்தேகம் என்று வாசு கேட்டான். என் மேல்தான் என்றேன்.

3 ஜூலை, வியாழன்

தேவகி வீட்டு வாசலில் பட்டம்மாள் பாத்திரத்தோடு நின்றாள். இப்போது தேவகியே வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னதாலா, ஆள் கிடைக்காததாலா, தெரியாது. என் பக்கம் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஸிந்துவின் ஹெல்மெட்டைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

20 செப்டம்பர், சனி

ஆறு மில்லிமீட்டர். போதும் என்று சொல்லிவிட்டார்கள். “முழுசா உருண்டையா யாருக்குமே இல்லமா, என் தலைய வேணா அளந்து பாருங்க” என்றார் தேவசகாயம். ஹெல்மெட் இல்லாமல் வீடு வரும் வழியெல்லாம் ஸிந்து தன் தலையைத் தானே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹெல்மெட்டாலா, பயிற்சியாலா, தானாகவேவா என்று கேட்டேன். “மூணும்தான். எது எவ்ளோன்னு எனக்கே தெரியாது” என்றார். முன்பு இந்தப் பதிலைக் கேட்டால் ஆளையே நம்பியிருக்க மாட்டேன்.

6 ஜனவரி 2009, செவ்வாய்

பட்டம்மாள் என் வாசலில். கூட ஒரு சின்னப் பெண், கையில் குழந்தை.

“எங்க தெருவும்மா. காமாட்சி. முனுசாமி பொண்டாட்டி. இதும் ஒரே பக்கமா திரும்பிக்கினு இருக்குது, பாரு. அந்தத் தொப்பி பண்ற சாரு வெலாசம் குடும்மா.”

குழந்தை கமலுக்கு ஐந்து மாதம். தொட வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரிந்தது. விலாசம் எழுதினேன். பிறகு, முதலில் டாக்டரிடம் கழுத்தைக் காட்ட வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். பட்டம்மாள் காமாட்சியைப் பார்த்தாள். “வா” என்றாள்.

10 ஜனவரி, சனி

காலை பஸ்ஸில் நாலு பேரும் சென்னைக்குப் போனோம். ஸிந்துவை வாசு பார்த்துக்கொண்டான். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இந்த முறை நாலு வரியும் அங்கேயே உட்கார்ந்து படித்துக் காமாட்சிக்குச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குப் போகும் வழியில் முன்னால் நடந்தவர்களின் பேச்சு காதில் விழுந்தது.

“இந்தம்மா இன்னாத்துக்கு நம்ம கூடவே வருது?”

கேட்டது காமாட்சி. பட்டம்மாள் குழந்தையின் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தாள்.

அளவு எடுக்கும்போது குழந்தையின் தோளை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். காமாட்சிக்கு எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. நான் கை நீட்டினேன். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

“குடுடி” என்றாள் பட்டம்மாள். “அவங்களுக்குப் புடிக்கத் தெரியும்.”

கொடுத்தாள். நல்ல கனமான பிள்ளை. தேவசகாயம் கருவியைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். அவன் கத்த ஆரம்பித்தான். நான் முப்பது எண்ணினேன்.